புஷ்பாவின் ஓட்டை பெட்ஷீட்டும் என் ரவிக்கைத் துணியும்

அடுத்தவள் நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. வீட்டைப் பார்த்து, காரைப் பார்த்து, அவள் புருஷன் சொல்லாமலே பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. நான் இதையெல்லாம் முறைப்படி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு கிழிந்த பெட்ஷீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். நடுவில் ஓட்டை, ஓரத்தில் டீக்கறை. அது என்னுடையதாக இல்லாமல் போயிற்றே என்று மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் (சரி, இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளாமல்) இருந்திருக்கிறேன்.

அந்த பெட்ஷீட் புஷ்பாவுடையது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருச்சியிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஆக்லாந்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குத் தெற்கே பாப்பாடோயிடோய் என்ற பேட்டையில் வாடகை வீடு. (கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்த என் அண்ணன், "விலாசம் கேட்டால் தாலாட்டு எழுதி அனுப்பியிருக்கிறாயே" என்று பதில் போட்டான்.) ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் எனக்கு வேலை. டப்பாவுக்கு மூடி பொருத்த வேண்டும். நாள் முழுக்க மூடி. புஷ்பா அந்த வரிசைக்கு சூப்பர்வைசர். மலேசியாவில் அலோர் ஸ்டார்காரி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, முனை வீடு. தினமும் காலையில் தன் காரில் (அவள் 'காடி' என்பாள்) வந்து ஹாரன் அடித்து என்னை ஏற்றிக்கொண்டு போவாள், மாலையில் கொண்டுவந்து விடுவாள். ஒரு நாள் முகம் சுளித்தது கிடையாது.

அதுதான் பிரச்சினையே. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவாள். அந்தக் கஞ்சியும் நான் வைப்பதைவிட நன்றாக இருக்கும். சொந்த வீடு அவளுக்கு. ரோஜா வைத்தால் அவளுக்குப் பூக்கும், எனக்கு இலை விடும்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்ஸி., பி.எட். எட்டு வருஷம் கணக்கு டீச்சர். என் அதட்டலுக்கு ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் நடுங்கும். ஆக்லாந்துக்கு வந்ததும் சான்றிதழ்களை அனுப்பினேன். மிக நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே செல்லாது என்று திரும்பி வந்தது. டிரைவிங் லைசென்ஸை நீட்டினேன், அதுவும் திரும்பி வந்தது. அக்கம்பக்கத்தார் கூடிச் சாப்பிடும் ஒரு விழாவுக்கு ஆசை ஆசையாகப் புளியோதரை கொண்டுபோனேன். போன பாத்திரம் போன மாதிரியே, ஒரு கரண்டி குறையாமல் திரும்பி வந்தது. இந்த ஊர் என்னிடமிருந்து எதையுமே எடுத்துக்கொள்ளமாட்டேன் என்கிறதே என்பது என் மனக்குறை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் ஆடிய கூத்துக்கு இருக்கிற ஒரே நியாயம் இதுதான்.

அந்த வருஷம் எங்கள் பேட்டையில் ஒரு பழைய மரவீட்டில் புத்த பிக்குகள் மூன்று பேர் குடிவந்தார்கள். ஒருவர் நியூசிலாந்துக்காரரே. ஆறேகால் அடி உயரம். மொட்டைத்தலையும் காதும் வெயிலில் வெந்து சிவந்திருக்கும். துறவியாவதற்கு முன்னால் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற வேலை பார்த்தாராம். பிறகு சயாம் காட்டில் பத்து வருஷம். காவி கட்டிய எல்லோரும் எனக்குச் சாமிதான், ஆகவே அவரும் சாமி. காலையில் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு தெருவில் போவார். யார் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்வார். என் உப்புமாவைக்கூட வாங்கிக்கொண்டார். ஆனால் எல்லோரிடமும் வாங்குகிறவர் என்னிடமும் வாங்கினால் அதில் எனக்கென்ன பெருமை?

துணி விஷயம் அப்படியில்லை. அதில் அவர் ஒரு கடுமையான விரதம் எடுத்திருந்தார். கடையில் வாங்கிய துணியை உடுத்தமாட்டார். யாராவது பக்தியோடு கையில் கொடுத்தாலும் வாங்கமாட்டார். எவருக்கும் வேண்டாம் என்று எறியப்பட்ட துணியாகப் பார்த்துப் பொறுக்கி, துவைத்து, துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுப்போட்டுக் கையால் தைத்து, மரப்பட்டைச் சாயத்தில் முக்கித்தான் உடுத்துவார். பாளி மொழியில் அதற்குப் பாம்சுகூலம் என்று பெயராம். புஷ்பா சொன்னபோது என் காதில் 'பஞ்சுக் கூளம்' என்று விழுந்தது. அர்த்தம் தெரிந்ததும் என் காது அப்படியொன்றும் தப்பு செய்யவில்லை என்று தோன்றியது. குப்பை கூளத்தில் கிடக்கிற துணிதானே!

"ஊர்ல எங்க வீடு சயாம் கோயிலுக்குப் பக்கத்துலலா" என்று கார் ஓட்டிக்கொண்டே புஷ்பா விளக்கினாள். "அங்க ஆளுங்க துணியை மரத்துல மாட்டிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடுவாங்க. திரும்பிப் பார்த்தேன்னு வையி, அது இன்னும் உன் துணி. பார்க்காம வந்தாத்தான் அது யாருதும் இல்லாத துணி. சாமி அப்பதான் எடுக்க முடியும்."

அந்தச் சமயம் பார்த்து இன்ஆர்கானிக் வந்தது. ஆக்லாந்தில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை, வீட்டில் வேண்டாத சாமான்களைத் தெருவோரப் புல்லில் கொண்டுபோய்ப் போட்டால் கவுன்சில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரி வருவதற்குள் நம்மைப் போன்றவர்கள் அள்ளிவிடுவோம். எங்கள் வீட்டு சோபா, இஸ்திரி மேஜை, ஒரு கால் ஆடும் டிவி ஸ்டாண்டு எல்லாம் அப்படி வந்தவைதான். (அந்த வகையில் நானும் பாதி பிக்குணிதான்.) அந்த வாரம் சாமியும் தெருத் தெருவாகப் போய்க் குப்பையில் துணி தேடினார்.

ஒரு சனிக்கிழமை காலை நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது புஷ்பாவின் வேலியில் அந்த பெட்ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே சாமி வந்தார். நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அந்த ஓட்டை பெட்ஷீட்டை இரண்டு கையாலும் எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்து, பட்டுப் பீதாம்பரம் கிடைத்த மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எட்டு வருஷ சர்வீஸோடு என் சான்றிதழ் திரும்பி வருகிறது, இவள் வீட்டு ஓட்டை பெட்ஷீட் மோட்சத்துக்குப் போகிறது! வீட்டுக்கு வந்து பால் பாக்கெட்டை மேஜையில் அடித்து வைத்தேன்.

"யாரு என்ன சொன்னா?" என்றார் இவர், பேப்பரை இறக்காமல்.

"சாமி அவ பெட்ஷீட்டை எடுத்துக்கிட்டாரு."

"திருட்டா?"

"ஐயோ! உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க."

இன்னும் மூன்று வாரத்துக்குள் சாமி அங்கியைத் தைத்து முடித்தாக வேண்டும், முடிந்ததும் தெற்குத் தீவுக்குப் போய்விடுவார் என்று புஷ்பா சொல்லியிருந்தாள். மூன்று வாரம். அதற்குள் என் துணி ஒன்று, ஒரே ஒன்று, அந்த அங்கியில் ஏறியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் இவருடைய வேட்டி. நல்ல எட்டு முழம், அதிகம் கட்டாதது. துவைத்தேன், கஞ்சி போட்டேன், விறைப்பாக இஸ்திரி போட்டு மடித்துத் தெருவோரம் வைத்தேன். சாமிக்குப் போடுகிற துணியை அழுக்காகவா போடுவார்கள்? மறுநாள் காலை அவர் வந்தார், குனிந்தார், எடுத்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் எனக்கு மூச்சு நின்றது. அவரோ, யாரோ கைதவறிப் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள் பாவம் என்று நினைத்து, சுருக்கம் விழாமல் எங்கள் தபால் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அத்தனை மொடமொடப்பாக ஒரு குப்பையை அவர் சயாம் காட்டில்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

இரண்டாவது, என் சுங்குடிப் புடவை. இந்தத் தடவை புத்தியாகக் கசக்கி, ஒரு ஓரத்தைக் கிழித்து, எதிர்வீட்டுக்காரர் போட்டிருந்த உடைந்த நாற்காலி மேல் வீசினேன். வீசிவிட்டு 'திரும்பிப் பார்க்காமல்' வீட்டுக்குள் வந்து, ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தேன். (ஜன்னல் வழியாகப் பார்ப்பது திரும்பிப் பார்த்த கணக்கில் வராது என்பது என் எண்ணம். கணக்கு டீச்சர் அல்லவா.) தெருமுனையில் சாமி தெரிகிறார். அதே நேரம் பார்த்து ஒரு வண்டி வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கிய ஒரு தடியன் நாற்காலியைத் தூக்குகிறான். புடவையை எடுத்து அதில் தன் கையைத் துடைக்கிறான்!

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. "ஹலோ! ஹலோ! அது உனக்கில்லை! அது என் புடவை!" என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறேன். அவன் பயந்துபோய்ப் புடவையை என் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். நிமிர்ந்தால் எதிரே சாமி.

"உங்களுடையதா?" என்று கேட்டார், மிக அன்பாக.

சாமியிடம் பொய் சொல்லக்கூடாது. உண்மையும் சொல்ல முடியாது. "ஆமா... இல்லை... ஆமா" என்றேன்.

"பத்திரமாகக் கிடைத்ததே, சந்தோஷம்" என்று தலையைச் சாய்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே புஷ்பா வீட்டு ஜன்னல் திரை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். ஆக இரண்டு. திங்கட்கிழமை காரில் அதைச் சொல்லிவிட்டுப் புஷ்பா பரிதாபமாக என்னைப் பார்த்தாள். "உன் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பாருங்கன்னு நான் வேணா சாமிகிட்ட சொல்லட்டாலா?"

சிபாரிசு! குப்பைக்குச் சிபாரிசு! பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கென்ன, நான் அதையெல்லாம் நினைக்கிறதே இல்லை" என்றேன். அன்றைக்கு நான் பொருத்திய மூடிகள் எதையும் இன்றைக்கும் யாரும் திறந்திருக்க முடியாது.

கடைசி வாரம். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். என்ன தப்பு நடந்தது? என் வீட்டுக்கு எதிரே போட்டது முதல் தப்பு. என் தெருவில் எது கிடந்தாலும் இனி சாமி என்னிடம்தான் திருப்பிக் கொடுப்பார். பெரிய துணியாகப் போட்டது இரண்டாவது தப்பு. ஒட்டுப்போடச் சின்னத் துண்டு போதும். மூன்றாவது, முறை தெரியாமல் போட்டது. சும்மா விசிறி எறிந்தால் அது தானமா? நம் வழக்கத்தில் ஒரு துணியைச் சாமிக்கு என்று வைத்தால் மூலையில் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டாமா?

சின்னத் துணிக்கு எங்கே போவது என்று கவலைப்படவே இல்லை. எந்தத் தமிழச்சியின் பீரோவிலும் ரவிக்கைத் துணி இருக்கும். வெற்றிலை பாக்கோடு ஒருத்தி கொடுப்பாள், அதை நாம் அடுத்தவளுக்குக் கொடுப்போம், அவள் இன்னொருத்திக்குக் கொடுப்பாள். தைத்துப் போட்டவள் ஒருத்தியும் கிடையாது. என்னிடமிருந்த அடுக்கில் கைவிட்டு ஒன்றை உருவினேன். வெள்ளைத் துணியில் சின்னச் சின்னப் பச்சைப்பூ. யார் கொடுத்தது என்று ஞாபகமில்லை. யார் கொடுத்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்து தலைக்குக் குளித்தேன். சாமி காரியம், சுத்தமாகப் போக வேண்டும். ஈரத்தலையைப் பின்ன நேரமில்லை, விரித்துப் போட்டுக்கொண்டேன். மூலையில் மஞ்சள் வைக்கும்போது இன்னொரு யோசனை தோன்றியது. எப்படியும் சாயத்தில் முக்கத்தானே போகிறார், அந்த வேலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்போமே என்று துணி முழுக்க மஞ்சள் தண்ணீரைத் தெளித்தேன். குங்குமமும் கை தாராளமாக விழுந்துவிட்டது. ஆக்லாந்துக் காற்றில் துணி பறந்துவிடுமே? கல் வைத்தால் மரியாதையாக இருக்காது. கொல்லை மரத்திலிருந்து மூன்று எலுமிச்சம்பழம் பறித்துக்கொண்டேன். (அந்த ஊரில் எலுமிச்சை மரம் இல்லாத வீடு ஏது?) சாமி தினமும் தவறாமல் திரும்புகிற இடம் மூன்று தெரு கூடுகிற முனை. போய்த் துணியை விரித்து, மேலே மூன்று பழத்தை வைத்து, கும்பிட்டேன். புஷ்பா சொன்ன விதியை அன்றைக்குத்தான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். திரும்பியே பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் இதற்குள் தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை. பொறாமை வந்துவிட்டால் எனக்குக் கண்ணும் தெரியாது, எலுமிச்சம்பழமும் தெரியாது. அந்த முச்சந்தியின் முனை வீடு புஷ்பாவுடையது என்பதுகூட, சாமி போகிற வழி என்ற அளவில்தான் என் மண்டையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் அவ்வளவு ருசியாக ஒரு காபி குடித்ததில்லை. போன் அடித்தது. இவர் எடுத்துப் பேசிவிட்டு முகம் வெளுத்து வந்தார்.

"புஷ்பா வீட்டு வாசல்ல யாரோ செய்வினை வெச்சிருக்காங்களாம். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கு. வா போகலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது பதற்றம் இல்லை, ஆறுதல். அப்பாடா, அவள்மேல் பொறாமைப்பட என்னைத் தவிர இன்னொருத்தியும் இருக்கிறாள்! இரண்டாவதாக ஆத்திரம் வந்தது. யார் அந்தப் பாதகத்தி? நான் பொறாமைப்படுவேன், அது எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள விஷயம். செய்வினை வைக்கிற அளவுக்குப் போக இவள் யார்? விபூதி டப்பாவை எடுத்துக்கொண்டு, ஈரத்தலையோடேயே இவருக்கு முன்னால் ஓடினேன்.

முனையில் சின்னக் கூட்டம். நடுவில் யோகம் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு அங்கே தபால் கந்தோரில் இருந்தவர், இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஷிப்ட்டுக்குப் பஸ் பிடிக்க வந்தவர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் என்ரை கண்ணால கண்டனான். விடியக் காலமை, தலைமயிரை விரிச்சுப் போட்டுக்கொண்டு ஒருத்தி வாறாள். உந்தத் துணியை விரிக்கிறாள், தேசிக்காய் மூண்டை வைக்கிறாள், கும்பிடுறாள். பிறகு திரும்பியும் பாராமல் போறாள். நல்ல பெருத்த பொம்பிளை. பின்பக்கம் ஒரு அலுமாரி அளவு இருக்கும்."

"பெருத்த பொம்பளையா?" என்றேன் நான். வாய் முந்திக்கொண்டது. "அந்த இருட்டுல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

யோகம் அக்கா என்னைப் பார்த்தார். என் தலைமுடியைப் பார்த்தார். அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். "ஐயோ சிவனே" என்று ஓரடி பின்னால் போனார். நான் அப்போதுதான் கீழே பார்த்தேன். மஞ்சள் தெளித்து, குங்குமம் சிந்தி, மூன்று எலுமிச்சம்பழத்தோடு முச்சந்தியில் கிடந்த என் தானத்தை முதல் முறையாக மற்றவர்கள் கண்ணால் பார்த்தேன். எனக்கே குலை நடுங்கியது.

புஷ்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "இது நான் குடுத்த துணிலா" என்றாள் மெதுவாக. "போன தீபாவளிக்கு. அலோர் ஸ்டார்லேர்ந்து அம்மா அனுப்புனது, பாத்தேக் துணி, உனக்குன்னு எடுத்து வெச்சுக் குடுத்தேன். ஒருத்தருக்குச் செய்யணும்னா அவங்க துணியை வெச்சுத்தான் செய்வாங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நான் உனக்கு என்னலா பண்ணேன்?"

என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு நிமிஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பக்கத்தில் இவர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். கையில் நானே கொண்டுவந்த விபூதி டப்பா. இதை மட்டும் சரியாகச் சொல்லாவிட்டால் நாளைக் காலை என் வாசலில் அந்த ஹாரன் அடிக்காது, கஞ்சி வராது, இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆளும் இல்லை என்று பளிச்சென்று தெரிந்தது. பொறாமைப்படவாவது எனக்கு அவள் வேண்டும்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வேட்டி, சுங்குடி, நாற்காலி, தடியன், ஜன்னல். "உன் பெட்ஷீட்டை எடுத்தாரு, உன் திரையை எடுத்தாரு, என்னோடதை மட்டும் திருப்பித் திருப்பிக் குடுத்தாருடி. எனக்குத் தாங்கலை. உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும், தினமும் எரியும், கார்ல ஏறும்போதே எரியும். ஆனா செய்வினை இல்லை, சத்தியமா இல்லை. இது சாமிக்குப் போட்டது. எலுமிச்சம்பழம் காத்துக்கு வெச்சது." சொல்லச் சொல்ல எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சாமி. பாத்திரத்தோடு எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ! "இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

புஷ்பா பேசுகிற நிலையில் இல்லை. எனக்கு இங்கிலீஷ் மறந்துபோயிருந்தது. இவருக்கு மொத்தமும் மறந்துபோயிருந்தது. யோகம் அக்காதான் தபால் கந்தோர் இங்கிலீஷில், தந்தி வாசிக்கிற மாதிரி, சுருக்கமாகச் சொன்னார்: "ஷீ இஸ் ஜெலஸ், சார். வெரி ஜெலஸ். நீங்கள் அவவின்ரை பெட்ஷீட்டை எடுத்திட்டியள். இவவின்ரை சீலையை எடுக்கேல்லை." பாதியில் இங்கிலீஷ் போய்த் தமிழாகிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. சாமிக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சிவந்த காது இன்னும் சிவந்தது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

துணியருகே போய் நின்றார். புஷ்பாவைப் பார்த்து, "இது உங்களுடையதா?" என்றார்.

"ஐயோ, எனக்கு வேணாம் சாமி. நான் எப்பவோ குடுத்துட்டேன்."

என்னைப் பார்த்தார். "உங்களுடையதா?"

அது என்னுடையது என்று இனிமேல் எந்த வாயால் சொல்வேன்? அந்தத் துணி பூமிக்குள் புதைந்து போனால் போதும் என்றிருந்தது. "எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றேன். என் வாழ்க்கையில் அதைவிட மனசாரச் சொன்ன வார்த்தை கிடையாது.

யோகம் அக்காவைப் பார்த்தார். "சிவ சிவா! நான் தொடவும் மாட்டன்" என்று அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார். இவரைப் பார்த்தார். இவர் இரண்டு கையையும் உயர்த்திவிட்டார்.

"அப்படியானால் சரி" என்றார் சாமி. குனிந்து மூன்று பழங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புஷ்பாவின் வேலிக்கட்டையில் வரிசையாக வைத்தார். பிறகு துணியை இரண்டு கையாலும் எடுத்தார். உதறினார். குங்குமம் கொட்டியது. நாலாக மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தார். மூன்று வாரம் நான் தலைகீழாக நின்றும் நடக்காதது, எனக்கு அந்தத் துணியே வேண்டாம் என்றான பிறகு நடந்தது.

முதலில் சிரித்தது புஷ்பா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒரு பெட்ஷீட்டுக்காலா?" என்றாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆனால் சிரித்ததாலேயே மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாதே. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. (இந்தத் தடவை நிஜமாகவே.) திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் பையை வைத்துக்கொண்டு நின்றேன். ஏழு ஐந்து. ஏழு பத்து. பஸ்ஸுக்குப் போகலாம் என்று கேட்டைத் திறந்தபோது ஹாரன் கேட்டது.

"ஏன்டி லேட்டு?" என்றேன், பையோடு காரில் ஏறிக்கொண்டே.

"ஊறுகாய் போட்டேன்லா. மூணு பழம் சும்மா கெடந்துச்சே." அந்த ஊறுகாயில் பாதி எனக்கு வந்தது. நான் போடுவதைவிட நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சாமி தெற்கே புறப்பட்டார். வழியனுப்பப் போனோம். புது அங்கி உடுத்தியிருந்தார். பெட்ஷீட், திரை, யார் யாரோ எறிந்த துணிகள் எல்லாம் சாயத்தில் முங்கி ஒரே பழுப்பாகியிருந்தன. எது எவருடையது என்று தெரியவே கூடாது, அதற்குத்தான் அந்தச் சாயம் போலிருக்கிறது. நான் விடுவேனா? மேலும் கீழும் தேடினேன். இடது அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்தில், சாயத்தையும் மீறி ஒரு பச்சைப்பூ மங்கலாகத் தெரிந்தது. அக்குள்தான், இருக்கட்டுமே! என்னுடையதையும் ஒருத்தர் எடுத்துக்கொண்டார்.

"பார்த்தியாடி? என் துணி" என்று புஷ்பாவின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

புஷ்பாவும் உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, துளிக்கூடக் கபடமில்லாமல், "அது நான் குடுத்த துணிதானேலா?" என்றாள். "அப்போ மூணும் என்னுது."

இந்தக் கதையை எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் இவர் சொல்லி முடித்துவிடுவார். பிற்பாடு பிறந்த என் மகளுக்கு இது மனப்பாடம். இன்றைக்கும் நான் ஒரு பழைய தலையணை உறையைக் குப்பையில் போடப் போனால்கூட, "அம்மா, லெமன் எடுத்துக்கிட்டியா?" என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும். புஷ்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் ரவிக்கைத் துணி கொடுக்கும்போது வெற்றிலைக்குப் பதிலாக மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் கொடுப்பாள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன்.

இந்த வருஷமும் கொடுத்தாள். யோகம் அக்காவுக்கும் கொடுத்தாள். யோகம் அக்காவுக்குக் கொடுத்தது என்னுடையதைவிட நல்ல கலர்.